போருக்குப் போய்த் திரும்பாத தாய்மாமன்: எங்கே தேடுவது, எப்படி நினைப்பது

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவருடைய அப்பத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டில் இறந்தவர். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம். இருபது, இருபத்தொரு வயது, திருமணம் ஆகவில்லை. ‘இத்தாலிப் பக்கம் செத்துப்போனார்’ என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. நாள் தெரியாததால் ஆடி அமாவாசையில் மற்றவர்களோடு சேர்த்து அவருக்கும் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். அப்பத்தாவுக்கு இப்போது 88 வயது. நினைவு தெளிவாக இருக்கிறது. அவருடைய பெட்டியில் இரண்டு பதக்கங்கள் கிடக்கின்றன. கல்லறை எங்காவது இருக்குமா, தேட வழி உண்டா என்பது முதல் கேள்வி. வெள்ளைக்காரன் ராணுவத்தில் செத்தவரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று தம்பி கேட்கிறான், அவனுக்கு என்ன சொல்வது என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு நல்ல பதிலே இருக்கிறது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலான காலத்தில், படையில் பணியில் இருந்தபோது அவர் இறந்திருந்தால் அவருடைய பெயர் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் வேலையே அதுதான். 1917இல் வேறு பெயரில் தொடங்கிய அந்த அமைப்பு, இரண்டு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் நினைவை 150க்கும் மேற்பட்ட நாடுகளில் காத்துவருகிறது. குண்டு பட்டு இறந்தாரா, மலேரியாவில் இறந்தாரா, லாரி கவிழ்ந்து இறந்தாரா என்று அங்கே தரம் பிரிப்பதில்லை. பணியில் இருந்தார், இறந்தார். பெயர் எழுதப்பட அது போதும்.

ஆனால் கல்லறை என்று ஒன்று இருக்கும் என எதிர்பார்த்துத் தேடாதீர்கள். அந்தப் போரில் இறந்தவர்களின் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்புவதில்லை என்பது ஆணையத்தின் உறுதியான கொள்கை; தளபதியானாலும் சிப்பாயானாலும் இறந்த நாட்டிலேயே அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது. கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் அடக்கம் செய்தார்கள். இந்துக்களையும் சீக்கியர்களையும் முடிந்த இடங்களில் தகனம் செய்தார்கள். அப்படித் தகனம் செய்யப்பட்டவர்களுக்காக இத்தாலியில் மட்டும் மூன்று தனி நினைவிடங்கள் உள்ளன: சாங்ரோ ஆற்றங்கரையில் ஒன்று, ஃபோர்லியில் ஒன்று, ரிமினியில் ஒன்று. சாங்ரோ நினைவிடத்தில் மட்டும் 500க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. உடலே கிடைக்காமல் போனவர்களின் பெயர்கள் காசினோ நினைவிடத்தில் இருக்கும். அங்கே இந்தியர், பிரிட்டிஷார், கனடியர் என எல்லாரும் சேர்த்து 4,000க்கும் மேல். ஆக, உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் ஒரு கல்லில் அல்லது பலகையில் ஒரு வரி. அந்த வரியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

இப்போது அந்தப் பெட்டியைத் திறங்கள். ஒரு வேண்டுகோள்: பளபளப்பாகட்டும் என்று பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த அந்தப் போர்க்காலப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்துத்தான் கொடுத்தார்கள். வட்டப் பதக்கமாக இருந்தால் விளிம்பிலும், நட்சத்திரமாக இருந்தால் பின்பக்கத்திலும் அந்த எழுத்து இருக்கும். எண்பது ஆண்டு அழுக்குக்குள் மங்கலாகத் தெரியும். சாய்வாக வெளிச்சம் விழும்படி பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கைப்பேசியில் கிட்டத்தில் படம் எடுத்துப் பெரிதாக்கினாலும் போதும். அந்த எண் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பெயரை எத்தனை விதமாகவும் எழுதியிருப்பார்கள், எண் மாறாது.

நட்சத்திரம் இன்னொன்றையும் சொல்லும். ஆறு முனை கொண்ட அந்த வெண்கல நிற நட்சத்திரத்தின் நடு வளையத்தில் எந்தப் போர்முனைக்கானது என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். இத்தாலி நட்சத்திரம் 1943 ஜூன் 11க்கும் 1945 மே 8க்கும் இடையில் அந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்கு உரியது. அதன் நாடா சிவப்பு, வெள்ளை, பச்சை. ஆப்பிரிக்க நட்சத்திரமாக இருந்தால் மணல் நிற நாடாவின் நடுவில் அகலமான சிவப்புக் கோடு ஓடும். பர்மா நட்சத்திரத்துக்குக் கருநீல நாடா, நடுவில் சிவப்பு, இருபுறமும் ஆரஞ்சுக் கோடு. இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், வீட்டில் சொல்லும் ‘இத்தாலிப் பக்கம்’ என்பதை அப்படியே நம்பித் தேடினால் வழி தவறக்கூடும். அன்றைக்குக் கிராமத்துக்கு வந்த செய்தி பெரும்பாலும் ஆங்கிலத் தந்தி. யாரோ படித்துச் சொன்னார்கள், கேட்டவர் காதில் பதிந்த ஊர்ப்பெயர்தான் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கும். இத்தாலியரோடு சண்டை போட்டவர் எரித்ரியாவிலோ லிபியாவிலோ இறந்திருந்தாலும் வீட்டில் ‘இத்தாலிச் சண்டை’ என்றுதான் நின்றிருக்கும். எரித்ரியாவின் கெரென், எகிப்தின் எல் அலமைன், சிங்கப்பூரின் கிராஞ்சி, ரங்கூனுக்கு வடக்கே தவுச்சான் என்று எல்லா இடங்களிலும் தகனம் செய்யப்பட்டவர்களுக்கான நினைவிடங்கள் இருக்கின்றன. சண்டை நடக்காத பகுதியில், இந்தியாவுக்குள்ளேயே ஏதாவதொரு முகாமில் இறந்த 25,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தில்லியிலும் கராச்சியிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. பதக்கம் சொல்வதை முதலில் நம்புங்கள்; வீட்டுப் பேச்சை அடுத்ததாக வையுங்கள்.

அடுத்து ஆணையத்தின் இணையதளத்தில் தேடுவது. பெயர், படை, ஆண்டு, நாடு என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும், கட்டணம் கிடையாது. இங்கேதான் பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். நம் ஆட்களின் பெயரை எழுதிய எழுத்தருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். ஒரு பழனி ‘பளனி’யாகவும் ‘பலனி’யாகவும் கிடைப்பார். நடுவில் வரும் எழுத்து சில இடத்தில் இரட்டிக்கும், சில இடத்தில் காணாமல் போகும். அதனால் பெயரை முழுதாக அடிக்காதீர்கள். முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் கொடுத்து, இந்திய ராணுவம் என்று தேர்ந்தெடுத்து, பதக்கமும் இத்தாலி என்றே சொன்னால் 1943 முதல் 1945 வரை, இத்தாலி என்று வடிகட்டுங்கள். கூடுதல் விவரம் என்று ஒரு கட்டம் உண்டு. ‘இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா’ என்று அதில் பதிந்திருப்பார்கள். அங்கே தகப்பனார் பெயரையும் ஊர்ப்பெயரையும் அந்தக் கால எழுத்தில் போட்டுப் பாருங்கள். ராமநாதபுரம் அங்கே ‘ராம்நாட்’ ஆக இருக்கலாம். திருநெல்வேலி ‘டின்னவெல்லி’, திருச்சி ‘டிரிச்சினோப்பொலி’, மதுரை ‘மதுரா’. எல்லாப் பதிவிலும் பெற்றோர் பெயர் இருக்காது. வெறும் எண்ணும் பெயரும் நாளும் மட்டும் இருக்கும் பதிவுகளும் ஏராளம். அப்போதுதான் பதக்கத்து எண் கை கொடுக்கும்.

பதிவு கிடைத்ததும் படைப்பிரிவின் பெயர் தெரிந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து இத்தாலிக்குப் போனவர் என்றால் மதராஸ் சப்பர்ஸ் என்ற பொறியியல் படையைத்தான் நான் முதலில் நினைப்பேன். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட படை அது. அதன் வீரர்களைத் ‘தம்பி’ என்றே மற்றப் படையினர் அழைத்தார்கள், இன்றும் அந்தப் பெயர் நிற்கிறது. சர்வீஸ் கோர் என்ற சரக்குப் போக்குவரத்துப் படையிலும் மருத்துவப் பிரிவுகளிலும்கூட நம் ஆட்கள் இருந்தார்கள். எட்டாவது இந்திய டிவிஷன் 1943 செப்டம்பரில் இத்தாலியில் இறங்கியது. பிறகு நான்காவது, பத்தாவது டிவிஷன்கள் வந்தன. மொத்தம் ஏறத்தாழ 50,000 இந்தியர்கள். அவர்களில் 5,700க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

சப்பர் வேலை என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் துப்பாக்கி ஏந்திப் பாய்ந்து ஓடும் படம்தான் எல்லார் மனத்திலும் இருக்கிறது. பின்வாங்கிய ஜெர்மானியர்கள் பாலங்களைத் தகர்த்துவிட்டு, பாதையெல்லாம் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போனார்கள். படை முன்னேற வேண்டுமென்றால் யாராவது முன்னால் போய் அந்த மண்ணைத் தடவிப் பார்க்க வேண்டும். சில கண்ணிகள் மரப்பெட்டியில் செய்தவை. உலோகம் காட்டும் கருவிக்கு அவை அகப்படாது. மண்டியிட்டு, பயோனெட் என்ற துப்பாக்கிக் கத்தியின் முனையால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில கண்ணிகள் மிதித்ததும் இடுப்பு உயரத்துக்கு எம்பி வெடிக்கும். தோண்டிய வழியின் இருபுறமும் வெள்ளை நாடா கட்டிவிட்டு வருவார்கள். அந்த நாடாக்களுக்கு நடுவில்தான் காலாட்படை நடக்கும். ஆற்றில் பாலம் போடுவதும் இவர்கள்தான், பெரும்பாலும் இரவில், எதிரியின் பீரங்கி எட்டும் தூரத்தில், இத்தாலிய மலைக் குளிரில்.

இந்தப் படையைச் சேர்ந்த ஒருவருடைய கதை எழுத்தில் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. சுபேதார் சுப்பிரமணியம், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோவில், வெடிக்கப்போன கண்ணியின்மேல் தன் உடலைக் கிடத்தி, கூட நின்றவர்களைக் காப்பாற்றி இறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். எதிரிக்கு நேர் எதிரே நின்று செய்த செயல்களுக்கு விக்டோரியா கிராஸ் என்றால், மற்ற வீரச் செயல்களுக்கு அதற்கு இணையான மிக உயர்ந்த விருது அது. நம் பள்ளிப் பாடத்தில் அவர் இல்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். கடந்த நூற்றாண்டில் இந்த மண்ணிலிருந்து போய்ப் பிறருக்காக உயிர் கொடுத்த ஒருவரைச் சொல்லச் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் வாயில் வர வேண்டும்.

ஆனால் உங்கள் அப்பாவின் தாய்மாமன் சுப்பிரமணியமாக இருக்க வேண்டியதில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு பெயரும் ஒரு தேதியும் கிடைத்தவுடன், நடுவில் இருக்கும் வெற்றிடத்தை வீரக்கதையால் நிரப்பிவிடும் ஆசை எல்லாக் குடும்பங்களுக்கும் வருகிறது. ‘தனியாக நின்று இருபது பேரைச் சுட்டார்’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். பத்து ஆண்டில் அதுவே உண்மையாகிவிடும். அந்தப் பையன் மருத்துவமனைக் கட்டிலில் நிமோனியாவில் செத்திருக்கலாம். முகாமில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது அடிபட்டிருக்கலாம். அதனால் அந்தச் சாவு சிறுத்துப்போய்விடாது. ராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்த இருபது வயதுப் பையன், பாஷை தெரியாத நாட்டில், பனியில், வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லாமல் இறந்தான். இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்வதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை.

தெரிந்ததை அதிகமாக்க வழி இருக்கிறது. படைப்பிரிவும் எண்ணும் கிடைத்தபின் அந்தப் படையின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மதராஸ் சப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மதராஸ் பொறியியல் படை மையம். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். நேரடியாக எழுதத் தயங்கினால் உங்கள் மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். கடிதத்தை எந்த முறையில் யாருக்கு எழுத வேண்டும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பதில் வரத் தாமதமாகும், ஒரு வரியில்கூட வரலாம், மனம் தளராதீர்கள். லண்டனில் க்யூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் அன்றாடம் எழுதிய போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன, இந்தியப் பிரிவுகளுடையதும் சேர்த்து. அதில் சிப்பாயின் பெயர் அரிதாகத்தான் வரும். அவர் இறந்த நாளில் அந்தப் பிரிவு எந்த ஆற்றங்கரையில் நின்றது, மழையா பனியா, எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பது வரும். ஊகத்தில் கதை கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி உங்கள் தம்பியின் கேள்வி. அது நியாயமான கேள்வி, அதற்காக அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அந்த ராணுவம் நம்மை அடக்கி வைத்த அரசின் ராணுவம்தான். அதைவிடக் கசப்பான செய்தி ஒன்றும் உண்டு. போர்க்குணம் உள்ள சாதிகள், இல்லாத சாதிகள் என்று இந்தியர்களைப் பிரித்து, தென்னாட்டாருக்குச் சண்டைக் குணம் போதாது என்று முடிவு கட்டியவர்கள் அவர்கள். அந்த எண்ணத்தோடு செலவுக் குறைப்பும் சேர்ந்துகொள்ள, 1920களின் முடிவுக்குள் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் அத்தனையையும் கலைத்தார்கள். பாளையங்கோட்டை பெயரைத் தாங்கி, 1914இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா வரை போய்ச் சண்டையிட்ட படையும் அப்படித்தான் மறைந்தது. சப்பர்ஸ் மட்டும் தப்பியது. பிறகு 1941இல் ஆள் போதாமல் போனதும் அதே அரசு மறுபடி நம் கிராமங்களுக்கு வந்து மதராஸ் ரெஜிமெண்டைப் புதிதாகத் திரட்டியது. உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அப்போது தேவைப்பட்டார்கள்.

கட்டாய ஆள்சேர்ப்பு இந்தியாவில் இருக்கவில்லை. 25 லட்சம் பேர் தாமாகச் சேர்ந்தார்கள் என்று புத்தகங்கள் பெருமையாகச் சொல்கின்றன. வானம் பார்த்த பூமியில், நிலமில்லாத வீட்டில், மூன்று தங்கைகளோடு பிறந்த பையன் ‘தாமாகச் சேர்ந்தான்’ என்பதற்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியாதா? மூன்று வேளைச் சோறு, உடுப்பு, மாதம் தவறாமல் வீட்டுக்கு மணியார்டர். சிலர் ஊர் பார்க்கும் ஆசையில் போனார்கள், சிலர் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாத சாதி நிலையிலிருந்து தப்பிக்கப் போனார்கள். அதே ஆண்டுகளில் சிங்கப்பூரில் சிறைபட்ட இந்திய வீரர்களும் மலேயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்களும் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். ஒரே ஊர்ப் பையன்கள், அவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்பதைப் பொறுத்து, எதிரெதிர் அணிகளில் நின்றிருக்கிறார்கள். அரசின் கணக்கை அரசிடம் கேட்போம். அந்தப் பையனை நினைப்பதற்கு அந்த அரசைப் புகழ வேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்று தம்பியிடம் சொல்லுங்கள். அவர் உங்கள் அப்பத்தாவுக்கு அண்ணன். உங்கள் அப்பாவுக்குக் காது குத்தும்போது மடியில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டியவர்.

அவர்களை அனுப்பிய பேரரசே அவர்களைச் சரியாக நினைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மதம், இனம், பதவி பேதமின்றி ஒவ்வொருவருக்கும் பெயர் என்பதுதான் ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை. ஆனால் முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்கு வெளியே அது மீறப்பட்டது. ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவிடத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் நினைக்கப்படுகிறார்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் இருந்தது, இந்தியச் சிப்பாய்களுக்குக் கல்லில் பெயர் இல்லை, படைவாரியாக எண்ணிக்கை மட்டும். ஆணையமே அமைத்த குழு ஒன்று 2021இல் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது: இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைக்கப்படவில்லை; குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைக்கப்படவே இல்லை. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. இதை வாசிப்பவர்களில் யாருடைய குடும்பத்திலாவது 1914-18 போரில் இறந்தவர் இருந்தால், தேடி எதுவும் கிடைக்காவிட்டால், ஆதாரத்தோடு எழுதுங்கள். விடுபட்ட பெயர்களைச் சேர்ப்பதும் பிழைகளைத் திருத்துவதும் இன்றும் நடக்கிறது. இங்கிலாந்தின் பிரைட்டன் அருகே தகனம் செய்யப்பட்ட 53 பேருக்கு 1921இலேயே சத்திரி மண்டபம் எழுந்தது. அவர்களுடைய பெயர்கள் கல்லில் ஏற 2010 ஆனது.

தாமதமாகவேனும் வந்து சேர்ந்ததற்கு இத்தாலியிலேயே ஒரு சான்று உண்டு. 1996இல் ஃபுளோரன்ஸ் அருகே எலும்புகள் கிடைத்தன. அவை ஐரோப்பியர் அல்லாத இளைஞர்களுடையவை என்று பின்னால் ஆய்வு சொன்னது. 1944 செப்டம்பரில் அந்தப் பக்கம் காணாமல் போன இந்திய வீரர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, ஹரியானாவைச் சேர்ந்த இருவர் என்று முடிவுக்கு வந்தார்கள். முறைப்படி தகனம் செய்து, 2019இல் அவர்களுடைய அஸ்தியைக் கிராமங்களுக்குக் கொண்டு சேர்த்தார்கள். எழுபத்தைந்து ஆண்டு. பெற்றோர் காலம் முடிந்துபோயிருந்தது. உங்கள் வீட்டில் தங்கை இன்னும் இருக்கிறார்.

வீட்டில் செய்யக்கூடியதற்கு வருகிறேன். இறந்த தேதி கிடைத்ததும் பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதி கணித்துக்கொள்ளலாம். நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையிலும் ஆடி அமாவாசையிலும் கொடுப்பது நம் வழக்கம். இத்தனை ஆண்டு நீங்கள் செய்ததில் குறை எதுவும் இல்லை. இனி அவருக்கென்று ஒரு நாள் இருக்கும், அவ்வளவுதான். திருமணமாகாமல் போனவருக்கு யார் கடன் செய்வது என்று யாராவது வீட்டில் கேட்டால், தங்கை வழி மருமகன் செய்வது பல ஊர்களிலும் உள்ள வழக்கம் என்று சொல்லுங்கள்.

கல் நடலாமா என்று கேட்டால், நடலாம் என்பேன். நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுடைய பெயரும் அந்த நிகழ்ச்சியும்தான் அதில் இருக்கின்றன, வேறு புகழ்ச்சி கிடையாது. முதல் உலகப் போர் முடிந்ததும் அரசாங்கம் ஊர் ஊராகப் பதித்த பளிங்குப் பலகைகள் வேறு வகை. வேலூர் மணிக்கூண்டில் இருப்பது போல, இந்த ஊரிலிருந்து 277 பேர் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று தொகை மட்டும் சொல்பவை. அந்தப் பதினால்வர் யார் என்று கல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நீங்கள் எழுதும்போது முதல் வகையைப் பின்பற்றுங்கள். அவர் பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர், படைப்பிரிவு, எண், இறந்த நாள், இறந்த இடம், பெயர் பொறித்த நினைவிடம். தமிழில் எழுதுங்கள். ‘மாவீரன்’, ‘தியாகச் செம்மல்’ போன்ற அடைமொழிகள் எதுவும் வேண்டாம். அதே ஊரிலிருந்து போய்த் திரும்பாத வேறு பையன்கள் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் எல்லாப் பெயரும் ஒரே கல்லில் வரட்டும், சாதி பார்க்காமல். ஊர்ப் பொது இடத்தில் நடும் கல் என்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இத்தாலிக்குப் போக முடிந்தால் நல்லது. சாங்ரோ கல்லறைத் தோட்டம் அப்ரூட்ஸோ பகுதியில், அட்ரியாட்டிக் கடலுக்கு அருகே டொரினோ டி சாங்ரோ என்ற ஊர்ப்பக்கம் இருக்கிறது. போவதற்கு முன் ஆணையத்தின் பதிவில் பலகை எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவில் தேட வேண்டியிருக்கும். ஆணையத்தின் பெரும்பாலான தோட்டங்களில் வருகைப் பதிவேடு ஒன்று சிறிய பெட்டிக்குள் இருக்கும். அதில் தமிழில் எழுதிவிட்டு வாருங்கள். போக முடியாவிட்டால், அந்தப் பகுதியில் வசிக்கும் யாரிடமாவது கேட்டு அந்தப் பெயர் வரியைப் படம் எடுத்து வாங்கி, பெரிதாக அச்சிட்டு அப்பத்தாவிடம் காட்டுங்கள். எழுத்துக்கூட்டி அவரே படிக்கட்டும். ஆங்கிலம் தெரியாதென்றால் விரல் வைத்துக் காட்டுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே, அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஆவணங்கள் காத்திருக்கும், ஆனால் அவருக்கு 88 வயது. எங்கே செத்தார் என்பதை அவரிடம் கேட்காதீர்கள், அது அவருக்குத் தெரியாது, தெரியாததைக் கேட்டுக் கேட்டு அவரைக் களைப்பாக்க வேண்டாம். அண்ணன் எப்படி இருப்பார் என்று கேளுங்கள். உயரமா, கறுப்பா, கோபக்காரரா. என்ன பாட்டுப் பாடுவார், எந்தக் கண்மாயில் நீந்துவார், யாரோடு சேர்ந்து பட்டாளத்துக்குப் போனார், போகிற அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள், விடுப்பில் ஒருமுறையாவது வந்தாரா, வந்தபோது தங்கைக்கு என்ன வாங்கி வந்தார். பணம் எந்த மாதம் வரை வந்தது என்பது நினைவிருந்தால் தேதி கண்டுபிடிக்கக்கூட உதவும். ‘தம்பி’ என்றோ ‘சப்பர்’ என்றோ ‘டிரைவர்’ என்றோ வீட்டில் அடிபட்ட வார்த்தை ஏதாவது அவருக்கு நினைவு வரலாம், அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். குரலைப் பதிவு செய்யுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். ஆணையத்தின் பதிவேட்டில் இதில் ஒரு வரிகூட இருக்காது.

பதக்கத்தில் எண்ணைப் படிக்க முடிந்தால், எண்ணோடு கூடவே சுருக்கெழுத்தில் இருக்கும் படைப்பிரிவையும் அப்படியே எழுத்து மாறாமல் எழுதி அனுப்புங்கள். அந்தச் சுருக்கங்களை விரித்துப் படிக்க என்னால் முடியும். எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.